படிப்பும் படப்பிடிப்பும்: ஐப்பசி முகூர்த்தங்களை ஏற்கலாமா, விடலாமா?

முகப்பு_வெளிச்சம் (காரைக்குடி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் இளங்கலை வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. கடந்த இரண்டு ஆண்டுகளாகச் சிறிய அளவில் புகைப்படத் தொழிலும் செய்து வருகிறேன். சித்தப்பா கொடுத்த பழைய கேமராவில் உறவினர் வீட்டுக் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றை எடுக்கத் தொடங்கினேன். சென்ற ஆண்டு கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணத்தை, அதாவது அறுபதாம் கல்யாணத்தை, எடுத்தேன். அதைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே இப்போது கோட்டையூர், பள்ளத்தூர், ஆத்தங்குடி வரைக்கும் அழைக்கிறார்கள். பெண் என்பதால் அலங்கார அறைக்குள் தடையின்றிச் செல்ல முடிகிறது, வீட்டுப் பெண்கள் கூச்சமின்றி நிற்கிறார்கள். எனக்கு வேலை கிடைப்பதற்கு அதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது வந்திருக்கும் சிக்கலைச் சொல்கிறேன். ஆவணியில் எடுத்த நான்கு நிகழ்ச்சிகளில் இரண்டுக்கு இன்னும் ஆல்பம் கொடுக்கவில்லை. ஐப்பசியில் மூன்று நிகழ்ச்சிகளுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று பருவத் தேர்வு தொடங்குவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால் வருகிறது. எங்கள் கல்லூரியில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். எனக்கு இப்போது 78 இருக்கிறது. சென்ற வாரம் காலை 4 மணிக்கு எழுந்து, தம்பி வண்டி ஓட்ட, ஒரு முகூர்த்தத்தை எடுத்துவிட்டு 10 மணி வகுப்புக்கு வந்து அமர்ந்தேன். செலவுக் கணக்கியல் ஆசிரியர் பலகையில் எழுதியது ஒன்றுகூட மனத்தில் பதியவில்லை.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் அம்மா, "ரெண்டு மாட்டையும் ஒரே நேரத்தில் மேய்க்கலாம், ரெண்டும் ஒரே பக்கம் போனால்" என்றார். அது சரியாகவே பட்டது. படிப்பை விடும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. தொழிலையும் விட மனம் வரவில்லை. முன்பணம் வாங்கிய பிறகு ஒரு நிகழ்ச்சியைத் திருப்பிக் கொடுப்பது முறையா? ஓராண்டில் எத்தனை நிகழ்ச்சிகள் எடுத்தால் படிப்பு கெடாது? ஒரு சாந்திக்கு ஆல்பத்துடன் சேர்த்து 18,000 ரூபாய் வாங்குகிறேன். அது சரியான தொகைதானா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

தேவகோட்டை_ஸ்டுடியோ எழுதுகிறார்:

மகளே, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் 31 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். எத்தனை நிகழ்ச்சி என்று எண்ணத் தொடங்கியதிலேயே நீ தடம் மாறிவிட்டாய் என்பது என் கருத்து. எடுக்கும் நாள் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் மேசையில் எத்தனை மணி நேரம் உட்கார்கிறாய் என்பதைத்தான் எண்ண வேண்டும்.

ஒரு சாந்தியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை யாகம் தொடங்கி மாலை ஆசீர்வாதம் முடியும் வரைக்கும் உன் கேமராவில் 2,200 படங்களாவது சேரும். அவற்றைப் பார்த்துக் கழிக்க 5 மணி நேரம். தேர்ந்தெடுத்த 400 படங்களுக்கு வண்ணம் திருத்த, ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 10 மணி நேரம். அதன் பிறகு ஆல்பத்துக்கு 40 ஷீட் வடிவமைக்க வேண்டும். வீட்டார் பார்த்து, "பெரியப்பா படம் விட்டுப் போயிருக்கிறதே" என்று சொன்னால் மாற்ற வேண்டும். அச்சிடும் லேபுக்கு அனுப்ப வேண்டும், வந்ததைச் சரிபார்க்க வேண்டும். நீ தனியாகவே செய்கிறாய் என்றால் 30 மணி நேரத்துக்குக் குறையாது. ஆவணியில் நான்கு எடுத்தாய் அல்லவா? அந்த 120 மணி நேரம் எங்கிருந்து வரும்? அதைத் தூக்கத்திலிருந்தும் பாடப் புத்தகத்திலிருந்தும்தான் நீ எடுத்திருக்க முடியும்.

பிலிம் காலத்தில் 120 என்ற அகல வகை ரோல் ஒன்றில் சதுரப் படம் 12தான் வரும், 35 மில்லிமீட்டர் ரோலில் 36 வரும். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோல் என்று பேசிவிட்டால், கழுத்துரு (தாலி) பூட்டும் நேரத்துக்கு ரோலில் இடம் இருக்க வேண்டும் என்ற கவலையுடனேயே காலையிலிருந்து எடுப்போம். அதனால் விரல் தானாகவே அடங்கியிருந்தது, பின்வேலையும் குறைவாக இருந்தது. இப்போது கார்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒரே காட்சியைப் பதினைந்து முறை அழுத்துகிறோம். அந்தப் பதினைந்திலிருந்து ஒன்றைப் பொறுக்கும் உழைப்பு இரவில் நம் கண்ணின் மேல் விழுகிறது. அடுத்த நிகழ்ச்சியில் 1,000 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு பார். படமும் நன்றாக வரும், உனக்கு ஓர் இரவும் மிச்சமாகும்.

அடுத்து, நாள்காட்டி. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்லூரியில் பருவத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகின்றன. ஆகவே ஐப்பசியும் சித்திரை முற்பகுதியும் உனக்கு ஆகாத காலங்கள். தை, மாசி மாதங்களில் பருவம் அப்போதுதான் தொடங்கியிருக்கும்; வைகாசியில் முழு விடுமுறை. வேலையை அங்கே குவித்து வைத்துக்கொள். சாந்திக்கு இன்னொரு வசதியும் உண்டு. அறுபது நிறையும்போது பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் கூடும் நாளில்தான் அதைச் செய்வது வழக்கம் என்பதால், கல்யாணத்தைப் போல முகூர்த்த மாதத்தைப் பார்த்து நிற்பதில்லை. மார்கழியிலும் வரும், ஆடியிலும் வரும். நாளும் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எழுபதை ஒட்டி வரும் பீமரத சாந்திக்கும் எண்பதை ஒட்டி வரும் சதாபிஷேகத்துக்கும் வயதுதான் வேறு, பெரும்பாலும் இந்த வசதி அதேதான். இவற்றை முன்கூட்டியே கேட்டுவைத்துத் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டால் உனக்கு நெருக்கடி வராது.

தேர்வுக்கு நான்கு நாட்களுக்கு முன்னால் வரும் நிகழ்ச்சியை விட்டுவிடு. ஆனால் தொலைபேசியில் சொல்லி முடிக்காதே. நேரில் போ, தாம்பூலத் தட்டில் முன்பணத்தை முழுமையாக வைத்துக் கொடு, உனக்குப் பதிலாக வரும் ஒருவரையும் கையோடு அழைத்துப் போ. இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். முதல் நாள் சொன்னால்தான் மூன்று தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. அந்தத் தேதியில் எங்கள் கடையில் ஒரு பையன் சும்மா இருப்பான்.

உன் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உன் பக்கத்தில் இருந்த சாந்திப் படங்களைப் பார்த்தேன். வளவுப் பத்தியில் (வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள நடையில்) உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார் முகத்தில், தாடைக்குக் கீழே பச்சை படிந்திருக்கிறது. அது கேமராவின் குறையல்ல. முற்றத்து வெயில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பட்டுக் கல்லின் நிறத்தோடு மேலே எழும்பி முகத்தில் விழுகிறது; சிவப்புக் கல் என்றால் சிவப்பாகவும், பச்சைக் கல் என்றால் பச்சையாகவும் வரும். கணினியில் அதைச் சரிசெய்யப் போனால் சேலையின் நிறமும் போய்விடும், ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம் தின்னும். படத்துக்குள் வராதபடி அவர்கள் காலுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடு. நிறமும் தெளியும், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் குறையும். பத்தியின் உட்சுவரை ஒட்டி உட்கார வைக்காமல், தூண் வரிசைக்குப் பக்கத்தில், முகம் முற்றத்தைப் பார்க்கும்படி உட்கார வை. எடுக்கும் இடத்தில் செலவழிக்கும் இரண்டு நிமிடம் மேசையில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மதுரையிலிருந்து_ஒரு_அக்கா எழுதுகிறார்:

தங்கை, நானும் உன்னைப் போலவே கல்லூரியில் படித்துக்கொண்டே இத்தொழிலைத் தொடங்கியவள்தான். இன்று இதுவே என் முழுநேர வேலை. நான் செய்த தவறுகளைச் சொன்னால் உனக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இறுதி ஆண்டில் ஒரு வளைகாப்பு எடுத்தேன். கேமராவில் ஒரே ஒரு கார்டு. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டபோது பாதிப் படங்கள் சாம்பல் நிறப் பட்டைகளாகத் திறந்தன. மீட்டெடுக்கும் மென்பொருள்களைத் தேடி மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். நான்காம் நாள் தேர்வு. அந்தத் தாளில் தோற்றேன். அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் அவளுடைய மாமியார் முதல் வளையலைப் போட்ட காட்சியை நான் எதைக் கொண்டு திருப்பிக் கொடுக்க முடியும்? அதன் பிறகு இரண்டு கார்டு போடும் வசதியில்லாத கேமராவை நான் நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்வதில்லை. உன்னிடம் அப்படி ஒன்று இல்லாவிட்டால் நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடு. வீட்டுக்கு வந்த இரவே, குளிப்பதற்கு முன்பே, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் படி எடுத்துவிடு. ஒன்று உன் வீட்டிலும் மற்றொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (கேமரா தரும் திருத்தப்படாத மூலக் கோப்பு) 28 எம்பி அளவுக்கு வரும் என்று வைத்தால், 2,200 படங்களுக்கு 60 ஜிபிக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்கும் உன் தொழிற்செலவுதான், அதை விலையில் சேர்க்க வேண்டும்.

விலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் செலவு எனக்குத் தெரியாது. என் தொடக்கக் காலச் செலவை வைத்துப் பார்க்கிறேன். 18,000 ரூபாயில் 12க்கு 36 அளவு ஆல்பமும் பெட்டியும் 6,500, உதவியாளருக்கு 1,500, இரண்டாவது கேமரா வாடகை 1,500, போக்குவரத்து 800. மொத்தம் 10,300 போக 7,700 மிஞ்சுகிறது. எடுக்கும் நாளின் 10 மணி நேரத்தையும் பெரியவர் சொன்ன 30 மணி நேரத்தையும் சேர்த்து 40ஆல் வகுத்தால் மணிக்கு 192 ரூபாய். இதிலும் கேமரா தேய்மானம் வரவில்லை. ஒன்றரை லட்சம் முறை இயங்கும் என்று சொல்லப்படும் ஷட்டர், நிகழ்ச்சிக்கு 2,200 என்றால் 68 நிகழ்ச்சிகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் 1,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால்தான் அன்றைக்கு யாரிடமும் கடன் கேட்காமல் இருப்பாய். ஆகவே விலையை உயர்த்து, எண்ணிக்கையைக் குறை. பாதி நிகழ்ச்சிகள் போனாலும் வருமானம் பாதியாகக் குறையாது. உன் இரவுகள் திரும்பக் கிடைக்கும்.

ஆல்பம் வடிவமைப்பை நீயே செய்யாதே. ஷீட் கணக்கில் வாங்கிச் செய்து தரும் வடிவமைப்பாளர்கள் மதுரையிலும் திருச்சியிலும் நிறைய இருக்கிறார்கள். படங்களைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதே, ஏனென்றால் எந்த முகம் யாருக்கு முக்கியம் என்பது அங்கே நின்ற உனக்குத்தான் தெரியும்.

ஒரு சிறிய தொழில்நுட்பக் குறிப்பு. மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் எல்இடி விளக்குகளை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை மிகவும் கூட்டினால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். அங்கே 1/100 அல்லது 1/50 நொடி வைத்துப் பழகு. இந்தக் கோடுகளைக் கணினியில் எடுக்கப் போய் நான் வீணாக்கிய வாரங்கள் பல.

வணிகவியல்_ஆசிரியர் எழுதுகிறார்:

நான் வேறொரு கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பவன். மாணவி வணிகவியல் படிப்பதாகச் சொல்லியிருப்பதால், நடைமுறைச் செய்திகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அம்மா, முதலில் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். முன்பணம் என்பது வேலை முடியும் வரை வாடிக்கையாளருடைய பணம். அது கைச்செலவுப் பணத்தோடு கலந்துவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில் கையில் இருக்காது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசின் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு கட்டணமின்றி நீங்களே செய்துகொள்ளலாம். செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். சேவை வழங்குவோருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. ஆகவே இப்போதைக்கு அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இருந்தாலும் வரவு செலவை நாள்தோறும் எழுதி வையுங்கள். செலவுக் கணக்கியல் வகுப்பில் மனம் பதியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மேலே மதுரை அம்மையார் போட்டுக் காட்டியது முழுவதும் செலவுக் கணக்கியல்தான். நிலைச்செலவு, மாறும் செலவு என்று பாடத்தில் வரும் இடங்களில் உங்கள் ஆல்பத்தையும் கேமராவையும் பொருத்திப் பாருங்கள். எத்தனையாவது நிகழ்ச்சியில் நட்டமும் இலாபமும் இல்லாத நிலை வருகிறது என்பதை உங்கள் எண்களாலேயே கண்டுபிடிக்கலாம்.

இளம் புகைப்படக்காரர்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு எதுவும் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தது நாம்தானே என்று நினைத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட முடியாது. முன்பணம் வாங்கும்போதே ஒரு பக்க உடன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். என்ன எடுக்கப்படும், ஆல்பம் எந்தத் தேதியில் கிடைக்கும், எத்தனை முறை திருத்தம் செய்யலாம், எந்தப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்பன அதில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதும் ஊரில் ஆல்பத்துக்கு ஒரு தாள் எழுதக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வருகைப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பருவத்துக்குத் தோராயமாக 90 வேலை நாட்கள் என்றால், 75 விழுக்காட்டுக்கு 22 நாட்கள் வரை விடுப்பு எடுக்க இடமுண்டு. ஆனால் அந்த 22 நாட்களும் காய்ச்சலுக்கும் வீட்டு நல்லது கெட்டதுக்கும் உரியவை. தொழிலுக்கு அவற்றில் ஐந்துக்கு மேல் எடுப்பதில்லை என்று பருவத் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறைத்தலைவரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு மாணவி உழைத்துச் சம்பாதிக்கிறாள் என்று தெரிந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் வழிகாட்டவே முன்வருவார்கள். பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தவரின் படம் மறுநாள் மண்டபத்தில் எடுத்ததாக இணையத்தில் வரும்போதுதான் அந்த நல்லெண்ணம் போகிறது.

பள்ளத்தூர்_வீட்டுப்பெண் எழுதுகிறார்:

நான் புகைப்படக்காரர் அல்லள். படம் எடுக்கச் சொல்பவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சென்னையில் வசிக்கிறோம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டை ஆண்டில் நான்கைந்து முறைதான் திறக்கிறோம். பங்காளிகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வளவில் கூடும் நாள், ஒரு சாந்தியோ கல்யாணமோ வந்தால்தான் வாய்க்கும். அதனால் படம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் அப்பச்சியின் (என் அப்பாவின்) சதாபிஷேகத்தை ஒருவர் எடுத்தார். நன்றாகவே எடுத்தார். ஆல்பம் இரண்டு மாதத்தில் வரும் என்றார்; பதினொரு மாதம் ஆயிற்று. அப்பச்சியின் அக்கா, எங்கள் பெரிய அயித்தை, வீட்டுக்கு யார் வந்தாலும் "படம் வந்துருச்சா" என்றுதான் முதலில் கேட்பார். ஆல்பம் வந்த நாளில் அவருக்குக் கண் பார்வை அநேகமாகப் போயிருந்தது. பட்டாலையில் உட்கார வைத்து, மடியில் ஆல்பத்தை விரித்து, "இது நீங்க அயித்தை, அப்பச்சிக்குத் திருநீறு பூசுறீங்க" என்று ஒவ்வொரு பக்கமாக நான் சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பளபளப்பான தாளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். எடுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் வேலையை அளவுக்கு மேல் ஏற்றுக்கொண்டவர்தான்.

ஆகவே, ஆவணியில் எடுத்த இரண்டு ஆல்பங்களை முதலில் முடித்துக் கொடுங்கள், அதன் பிறகு புதியதைப் பற்றி யோசியுங்கள். முழு ஆல்பத்துக்குத் தாமதமாகும் என்று தெரிந்தால், நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் வயதானவர்கள் இருக்கும் படங்களில் பத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள்.

இன்னொன்று. முன்னோருக்குப் படைப்பு நடக்கும் இடத்திலும் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் சடங்கின்போதும் வீட்டுப் பெரியவரைக் கேட்காமல் கேமராவை உயர்த்த வேண்டாம். சில வீடுகளில் விடுவார்கள், சில வீடுகளில் விட மாட்டார்கள். சீர்ச்சாமான் பரப்பியிருக்கும் படங்களையும் நகைப் படங்களையும் அனுமதி கொடுத்தாலும்கூட இணையத்தில் போடாதீர்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இவை.

முகப்பு_வெளிச்சம் மீண்டும் எழுதுகிறார்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் ஆசிரியருக்கும் பள்ளத்தூர் ஆச்சிக்கும் என் நன்றி. உடனே மறுமொழி எழுதாமல் பத்து நாட்கள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் சொன்னவற்றில் சிலவற்றையாவது செய்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

தேர்வுக்கு முன்னால் வந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டேன். அம்மாவும் நானும் நேரில் போனோம். அந்த வீட்டு ஆச்சி முன்பணத்தை வாங்கிக்கொண்டு, "பரீட்சை எழுது, பேத்தி கல்யாணத்துக்கு நீதான் வரணும்" என்றார். தேவகோட்டை ஐயாவின் கடையிலிருந்து ஒருவர் அந்த நிகழ்ச்சியை எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றன. அவற்றின் ஆல்பம் தேர்வு முடிந்து டிசம்பர் இறுதியில்தான் கிடைக்கும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டேன். ஒரு வீட்டில் மட்டும் சற்று முகம் சுளித்தார்கள். பெரியவர்களின் படங்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று சொன்ன பிறகு சரி என்றார்கள்.

ஆவணி ஆல்பங்களில் ஒன்று லேபுக்குப் போய்விட்டது. மற்றொன்றைத் திருச்சியில் ஒரு வடிவமைப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். என் உண்மையான செலவைப் போட்டுப் பார்த்தபோது மணிக்கு 192 ரூபாய்கூட வரவில்லை, 160தான் வந்தது. இதுவரை தம்பிக்குப் பெட்ரோல் பணம்கூட நான் எழுதி வைத்ததில்லை. தை முதல் வரும் நிகழ்ச்சிகளுக்கு 26,000 ரூபாய் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை கேட்ட மூவரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மேலும், பருவத்துக்கு நான்கு நிகழ்ச்சிகளுடன் நிறுத்திக்கொள்வதாக முடிவு.

வேட்டியையும் விரித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வளவில் பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். காலை 9 மணி வெயிலில் எங்கள் அப்பத்தாவைத் தூணுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்து முதலில் வேட்டி இல்லாமலும், பிறகு தாத்தாவின் நான்கு முழ வேட்டியைத் தரையில் விரித்தும் எடுத்தேன். இரண்டையும் கணினியில் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் படத்தில் கழுத்துச் சுருக்கங்களில் எல்லாம் பச்சை தேங்கி நிற்கிறது. இரண்டாவதில் அப்பத்தாவின் நிறம் அப்படியே இருக்கிறது, மூக்குத்தியின் சிவப்புக் கல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அதில் நான் எதையும் திருத்தவில்லை. மொத்தம் ஆறு படங்கள்தான் எடுத்தேன், 9:40 பேருந்தைப் பிடித்து முதல் வகுப்புக்குப் போய்விட்டேன்.